பெட்டாலிங் ஸ்திரீட்டின் வாடகைக்காரர்களுக்காக

மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கும், கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அவர்களுக்கும், கோலாலம்பூர் டத்தோ பண்டார் அவர்களுக்கும், கசானா நேஷனல் பொறுப்பாளர்களுக்கும்,



கோலாலம்பூரின் பழைய நகர்ப்பகுதியை மீட்டெடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். 'வாரிசான் கேஎல்' திட்டத்தில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் கார்கோசா ஸ்ரீ நெகாராவும் புத்துயிர் பெறுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. அதற்கு முதலில் நன்றி.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் சைனாடவுனைப் பற்றித்தான் இந்த மடல். பெட்டாலிங் ஸ்திரீட், ஜாலான் சுல்தான், ஜாலான் துன் எச்.எஸ். லீ, ஜாலான் பாலாய் போலீஸ், அவற்றுக்கு இடையே ஓடும் சந்துகள். அரசு மாளிகையைப் புதுப்பிப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆனால் அதற்கு ஒரே சொந்தக்காரர்தான். சைனாடவுனின் நிலை வேறு. ஒவ்வொரு கடைவீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர். அவர் பெரும்பாலும் அங்கே குடியிருப்பதில்லை. கீழே கடை நடத்துபவர் வாடகைக்காரர். மாடியில் இருப்பவர் வாடகைக்காரர். ஐந்தடி நடைபாதையில் வண்டி போட்டிருப்பவர் கையில் இருப்பது ஒரு லைசன்ஸ் மட்டும். இவர்கள்தான் சைனாடவுன். இவர்கள் அங்கே நீடிக்க வழி செய்யாத எந்தத் திட்டமும் சைனாடவுனை மீட்கப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்கு மெட்ராஸ் லேனுக்குள் நுழைந்து பாருங்கள். மெட்ராஸ் திரையரங்கு என்று ஒன்று அங்கே இருந்தது, தீயில் போய்விட்டது, பெயர் மட்டும் சந்தில் ஒட்டிக்கொண்டது. தரை எப்போதும் ஈரம். மீன்காரர் பனிக்கட்டியைச் சரித்துக் கொட்டுகிறார். அடுத்து பன்றி இறைச்சிக் கடை, அதற்கடுத்து பச்சைக் காய்கறி. சந்தைத் தாண்டினால் கறி லக்சாவுக்கும் யோங் தாவ் ஃபூவுக்கும் வரிசை. குழம்புச் சட்டி முன் நிற்பவருக்கு முகங்கள் தெரியும்; யாருக்குச் சிப்பி வேண்டாம், யாருக்கு மீஹூன் கலந்து வேண்டும் என்று கேட்காமலே போடுகிறார். மேசைகள் பிளாஸ்டிக், மேலே தகரம். இந்த இடத்தில் எந்தப் பாரம்பரியப் பலகையும் வைக்க முடியாது. கட்டடக் கலைஞர் படம் எடுக்கவும் இங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் சைனாடவுனில் சீனக் குடும்பங்கள் இன்றும் வாரம் தவறாமல் வந்து போகும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். புதுப்பிப்புத் திட்டங்களில் முதலில் அடிபடுவதும் இப்படிப்பட்ட சந்துகள்தான்.

நான் தமிழன். சைனாடவுனைப் பற்றி உனக்கென்ன என்று யாரும் கேட்கலாம். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் நிற்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1873இல் தோன்றியது. இப்போதைய இடத்துக்கு 1885இல் வந்தது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் முருகனின் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இந்தத் தெருவிலிருந்துதான். கோயிலை நிறுவிய தம்புசாமி பிள்ளையும் சீனப் பெருவணிகர் லோக் யூவும் ராவாங்கில் கூட்டாக ஈயச் சுரங்கம் நடத்தியவர்கள். 1893இல் விக்டோரியா பள்ளி இதே தெருவில் தொடங்கியபோது இருவருமே அதற்குத் துணை நின்றார்கள். கோயிலுக்கு மிக அருகில் 1888இல் எழுந்த குவான் டி கோயில் இருக்கிறது. ஊதுபத்தி ஏற்றிவிட்டு அங்கிருந்து நேரே மாரியம்மனைக் கும்பிட வரும் சீனப் பாட்டிகளைப் பூக்கடைக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சற்றுத் தள்ளி ஜாலான் பாலாய் போலீஸில் 1898இல் சீக்கியக் காவலர்களுக்காக வந்த குருத்துவாரா. அதே பகுதியில் சலவைத் தொழிலாளர் சங்கத்தின் பழைய கட்டடம். சைனாடவுன் என்பது சீனர்களோடு மற்ற எல்லோரும் அண்டை வீட்டாராக இருந்து வளர்ந்த ஊர். அதனால்தான் எனக்கும் இதில் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த ஊர் இதற்கு முன்பும் பலமுறை மீண்டும் கட்டப்பட்டது. 1857இல் ஈயம் தேடி அம்பாங்கை நோக்கிப் போன சீனத் தொழிலாளர்கள் வழியில் இறங்கிய ஆற்றுச் சந்திப்புதான் கோலாலம்பூர். சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872இல் ஊர் எரிந்தது. கப்பித்தான் யாப் ஆ லோய் ஆட்களைத் திரும்ப அழைத்து வந்தார். சுரங்கத்துக்கு முன்பணம் கொடுத்தார். மரவள்ளிக்கிழங்கு மாவு ஆலை வைத்தார். 1881 ஜனவரியில் மறுபடியும் தீ. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். பிறகு பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் அத்தாப்புக் கூரைகளை நீக்கச் சொல்லி, செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் பிரிக்ஃபீல்ட்ஸில் புகைந்தன. இந்த வரலாற்றில் நான் கவனிப்பது ஒன்றுதான். யாப் ஆ லோய் முதலில் ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தார். கட்டடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இனி, சைனாடவுன் ஏன் காலியாயிற்று என்பதற்கு வருகிறேன். பலரும் பேரங்காடிகளையும் புறநகர் வீடமைப்பையும் காரணம் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதி, சட்டத்தில் இருக்கிறது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிவைத்திருந்தது. வாடகை மிகக் குறைவாக இருந்ததால் சொந்தக்காரர்கள் கூரை ஓட்டைக்கூட மாற்றவில்லை என்பது நிஜம். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாடகையில்தான் தையற்காரர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், நாட்டு மருந்துக் கடை, சாமி மேடை செய்பவர், மாடியில் தனியாக வாழ்ந்த வயதானவர் எல்லோரும் நகர் நடுவில் பிழைத்தார்கள். 1997இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நீக்கியது. 1999 முடியும்வரை அவகாசம் கொடுத்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் வாடகை சந்தையின் கையில். அந்த வாடகைக்காரர்கள் எங்கே போவார்கள் என்பதற்குப் போதிய திட்டம் இல்லை. பினாங்கு ஜோர்ஜ் டவுனிலும் இதே கதைதான் நடந்தது; 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோது ஓட்டல்களும் காபிக் கடைகளும் வருவதற்குக் காலி வீடுகள் ஏற்கெனவே தயாராக இருந்தன.

கோலாலம்பூரில் மாடிகள் காலியாயின. கடைவீட்டின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், நடுவில் வெளிச்சத்துக்கும் மழைக்கும் ஒரு முற்றம், மாடிக்கு ஏற ஒரே ஒரு மரப்படி. கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்று கட்டியது. இன்று அந்த மாடியை வீடாக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினாலும் தீயணைப்பு விதிகளும் கட்டட உபவிதிகளும் கேட்பதை அந்த ஒற்றை மரப்படியால் எளிதில் நிறைவேற்ற முடியாது.  விதியை எழுதியவர்கள் புதுக் கட்டடத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள். விளைவு, மாடி கிடங்காகிறது, அல்லது சட்டத்துக்குப் புறம்பாகப் பலகைத் தடுப்பு போட்டுப் பத்துப் பேர் படுக்கும் அறையாகிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஜாலான் சுல்தானில் நின்று அண்ணாந்து பார்த்தால் எத்தனை சன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிடலாம். பகலில் சுற்றுப்பயணிகள், இரவில் இருட்டு. குடியிருப்பவர் இல்லாத தெருவில் மளிகைக் கடை நிலைக்காது, கிளினிக் நிலைக்காது, சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட ஆள் வராது.

இப்போது நிலைமை மறுபடியும் மாறுகிறது, வேறு திசையில். தெற்கே 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் எழுந்துவிட்டது. 2017 முதல் பசார் செனியில் எம்ஆர்டி நிற்கிறது. தீ விபத்துக்குப் பின் படம் ஓட்டுவதை நிறுத்திய ரெக்ஸ் திரையரங்கு கலைக்கூடமாகவும் புத்தகக் கடையாகவும் திரும்பி வந்திருக்கிறது. குவாய் சாய் ஹோங் சந்தில் பத்துக் கடைவீடுகளைச் சீர்செய்து 2019இல் திறந்தார்கள்; அந்தக் காலத்துத் தெரு வாழ்க்கை சுவரெங்கும் ஓவியமாக இருக்கிறது. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். இவையெல்லாம் நல்ல வேலைகள், செய்தவர்களைப் பாராட்டுகிறேன். இடிக்கவிருந்த சென்ட்ரல் மார்க்கெட்டை 1980களில் பாரம்பரிய ஆர்வலர்கள் போராடி மீட்டிருக்காவிட்டால் இந்தப் பகுதியில் இன்று மீட்க எதுவுமே இருந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு நல்ல வேலைக்கும் பிறகு பக்கத்துக் கடையின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது தொகை ஏறுகிறது. கோப்பிக்கு இருபது வெள்ளி வாங்கும் கடை அதைத் தாங்கும். ஊதுபத்தியும் காகிதமும் விற்கும் கடை தாங்காது. சுவரில் வரைந்த மனிதர்கள் இருப்பார்கள். அவர்களைப் போல உண்மையில் வாழ்ந்தவர்கள் சேராஸுக்கோ கெப்போங்குக்கோ போய்விட்டிருப்பார்கள்.

இந்த நாட்டில் வீட்டு வாடகைக்காரரைக் காக்க ஒரு வாடகைச் சட்டம் இன்றுவரை இல்லை. ஆண்டுக்கணக்காக வரைவில் இருக்கிறது. கடை வாடகைக்காரருக்கோ அந்த வரைவும் இல்லை. பாரம்பரியச் சட்டம் சுவரைக் காக்கும், கூரையைக் காக்கும் என்று நம்புகிறோம். அதிலும் 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் வந்த மறு ஆண்டே, 2006 டிசம்பரில், ஜாலான் அம்பாங்கின் போக் ஹவுஸ் மாளிகை இடிபட்டதை இந்த நகரம் மறக்கவில்லை. 2025இல் நகர்ப்புறப் புதுப்பிப்புச் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எத்தனை விழுக்காடு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றுதான் வாதம் நடந்தது. வாடகைக்காரர் சம்மதம் பற்றிப் பேச்சு பெரிதாக எழவில்லை.

நிலப்பட்டா இல்லாதவருக்குப் பேச்சு இல்லை என்பது எங்களுக்குப் புதிதில்லை. ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலம் 2014இல் விற்கப்பட்டதால் கோயில் இடம் மாற வேண்டியிருப்பது 2025இல்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நூறு ஆண்டுக்கு மேல் கும்பிட்டவர்களிடம் விற்கும் முன் யாரும் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது. பழைய நகரில் இப்படி நிலம் ஒருவர் பெயரிலும் வாழ்க்கை இன்னொருவர் கையிலும் இருக்கும் இடங்கள் இன்னும் நிறைய உண்டு.

பேசினால் வழி பிறக்கும் என்பதற்கும் இந்த வட்டாரமே சாட்சி. 2011இல் எம்ஆர்டி சுரங்கத்துக்காக ஜாலான் சுல்தான் கடைவீடுகளைக் கையகப்படுத்த அறிவிப்பு வந்தது. கடைக்காரர்களும் கலைஞர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினார்கள். பல மாதப் பேச்சுக்குப் பிறகு 2012இல் உடன்பாடு வந்தது. சுரங்கம் கீழே போயிற்று, கடைவீடுகள் மேலே நின்றன. முடியாது என்று தோன்றியது, கேட்க வேண்டியவர்கள் கேட்டதும் முடிந்தது.

தயவுசெய்து இன்னொரு வளைவு கட்டாதீர்கள். பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குப் பச்சைக் கூரையும் நுழைவாயிலும் போட்டு இருபது ஆண்டுக்கு மேலாகிறது. கூரை மழையைத் தடுத்தது. கடைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போலிப் பைகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் மாறியதைத் தடுக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் 2010இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சேர்ந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். வளைவுகள் நிற்கின்றன. அங்கே பழைய ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் இல்லை. சிங்கப்பூர் தன் சைனாடவுனின் தெரு வியாபாரிகளை 1983இல் கட்டடத்துக்குள் மாற்றியது. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் போயின. 1998இல் போன உயிரைத் திரும்பக் கொண்டுவர 9 கோடியே 75 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியில் திட்டம் அறிவித்தபோது, இது பொழுதுபோக்குப் பூங்காவாகிவிடும் என்று எதிர்த்தவர்கள் சிங்கப்பூர்க்காரர்களே. அவ்வளவு பணமும் நிர்வாகத் திறமையும் உள்ள நாட்டுக்கே வெளியேற்றிய வாழ்க்கையைத் திரும்ப அழைப்பது அரிதாக இருந்தது. நம்மிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதுதான் நம் அதிர்ஷ்டம்.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவது, பொதுப்பணத்தில் ஒரு கடைவீட்டின் முகப்பைச் சீர்செய்தால் அதற்குப் பதிலாக அந்தச் சொந்தக்காரர் அங்கிருக்கும் வாடகைக்காரரைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும். வாடகை ஏற்றத்துக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது சொந்தக்காரரின் தலையில் மட்டும் சுமையை வைத்தது. இங்கே கூரையை அரசு மாற்றிக் கொடுக்கிறது, அவர் வாடகையில் விட்டுக்கொடுக்கிறார். கொடுக்கல் வாங்கல் நேர்மையானது. வேண்டாம் என்பவர் மானியத்தை வாங்காமல் இருக்கலாம். குலச் சங்கங்களும் கோயில்களும் இந்த வட்டாரத்தில் சொத்து வைத்திருக்கின்றன. பழைய தொழிலுக்குக் குறைந்த வாடகையில் இடம் கொடுக்கும் சங்கத்துக்கு மதிப்பீட்டு வரியில் சலுகை கொடுத்தால் பலரும் முன்வருவார்கள். இதை மாநகர் மன்றம் தானே செய்ய முடியும்.

இரண்டாவது, மாடிகளைத் திறந்துவிடுங்கள். பழைய கடைவீடுகளுக்கென்று தனித் தீப்பாதுகாப்பு விதி எழுதுங்கள்: புகை எச்சரிக்கை, நீர்த்தூவி, தீத்தடுப்புக் கதவு, பக்கத்து மாடியோடு இணைக்கும் வெளியேறும் வழி என்று மாற்று ஏற்பாடுகளை ஏற்றுக்கொள்ளுங்கள். மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அருகில் வேலை பார்க்கும் இளந்தம்பதிகள் வருவார்கள். தங்கும் விடுதியாக மாற்ற அனுமதி கேட்டு வருபவர்களுக்கு வரம்பு வையுங்கள். 2025இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040 நகர் நடுவில் மக்கள் திரும்பக் குடியேற வேண்டும் என்கிறது; அதற்குப் புதுக் கோபுரம் ஒன்றுதான் வழி என்று இருக்க வேண்டாம்.

மூன்றாவது, ஐந்தடியில் கடை போட்டிருப்பவருக்கு ஆண்டுக்கு ஆண்டு லைசன்ஸ் என்றால் அவர் அடுப்பைக்கூட மாற்ற மாட்டார். பல ஆண்டு லைசன்ஸ் கொடுங்கள். தெருவைத் தோண்டும்போது ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் தொடங்குங்கள். தோண்டும் மாதங்களுக்கு இழப்பீடு கொடுங்கள். ஆறு மாதம் வியாபாரம் இல்லையென்றால் எழுபது வயதுக்காரர் திரும்பி வரமாட்டார். அவர் மகனும் வரமாட்டான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஜாலான் சிலாங்கிலும் கோத்தா ராயாவைச் சுற்றியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் நேப்பாள, வங்காளதேச, மியன்மார் தொழிலாளர்களைப் புதுப்பிப்பின் பெயரால் துரத்தாதீர்கள். பணம் அனுப்பும் கடை, ஊர்ச் சாப்பாடு, கைப்பேசி, சொந்த மொழியில் நாலு வார்த்தை. 1857இல் இங்கே இறங்கியவர்களுக்கும், என் முன்னோர்களுக்கும் வேண்டியிருந்தவை இவைதான். பழைய நகரில் இன்று இரவு தூங்குபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் திட்டம் ஊரின் உண்மையான கணக்காக இருக்காது.

கடைசியாக, இந்த மடலை உங்களுக்கு ஏன் எழுத வேண்டியிருக்கிறது என்பது. ஜாலான் துன் எச்.எஸ். லீ யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த மசீச தலைவர் லீ ஹாவ் ஷிக், 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலுக்காக அம்னோவோடு கூட்டுச் சேர்ந்தார். அந்தக் கூட்டணி 12 இடங்களில் 9ஐ வென்றது. நாட்டைச் சுதந்திரத்துக்கு இட்டுச் சென்ற கூட்டணி முளைத்தது அந்தத் தேர்தலில். 1960ஆம் ஆண்டுத் தலைநகர்ச் சட்டத்தோடு கோலாலம்பூர்வாசிகளின் நகராண்மை ஓட்டுரிமை போயிற்று. திரும்பி வரவே இல்லை. இன்று அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர் தன் தெருவைப் பற்றி முடிவெடுப்பவரை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது. டத்தோ பண்டார் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். அதனால் பொறுப்பு முழுதும் உங்களிடம் இருக்கிறது. வாடகைக்காரர்கள், அங்காடி வியாபாரிகள், குலச் சங்கங்கள், கோயில்கள், குருத்துவாரா, குடியிருப்பவர்கள் ஆகியோரைக் கொண்ட ஒரு சைனாடவுன் மன்றம் அமையுங்கள். வரைபடம் முடிந்த பிறகு கருத்துக் கேட்கக் கூப்பிடாமல், வரைபடம் தொடங்கும் முன்பே கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதற்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், நாளையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த சீரமைப்பு மானியத்துக்கான விண்ணப்பப் பாரத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள். இந்தக் கடைவீட்டில் இன்று வாடகைக்கு இருப்பவர் யார்? வேலை முடிந்த பிறகு அவர் என்ன வாடகைக்கு இங்கே இருப்பார்? இதற்குப் பதில் எழுதாமல் வரும் விண்ணப்பத்துக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

மிக்க மரியாதையுடன்,
கோலாலம்பூர்வாசி ஒருவன்